கன்வென்ஷனல் ரீலைச் சோதிப்பது எப்படி: கட்டுமானம் முதல் சுமை வரை, படிப்படியாக

புது மீன்பிடி ரீல் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்வது இரண்டு காரியம். கைப்பிடியை நாலு சுற்று சுற்றிப் பார்ப்பார்கள், பிறகு ஸ்பூலை (லைன், அதாவது தூண்டில் நூல், சுற்றும் உருளையை) விரலால் சுண்டிவிட்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டிலும் ரீலின் மேல் எந்தச் சுமையும் இல்லை. கையில் வெண்ணெய்போல் ஓடிய ரீல், 5 கிலோ இழுவை வந்ததும் கரகரவென்று அரைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் கொஞ்சம் கனமாகத் தோன்றிய ரீல், சுமையில் அப்படியே நிதானமாக நின்றதும் உண்டு.

அதனால் இந்த வழிகாட்டியில் சுமைச் சோதனைதான் மையம். மற்ற படிகள் அந்தச் சோதனை பொய்யான எண்ணைக் காட்டாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் விட்ட பிழை, மூன்று படி தள்ளி வேறு ஒரு பாகத்தின் குறைபோல வந்து நிற்கும்.

ராடின் (தூண்டில் கோலின்) மேல்பக்கம் அமர்ந்து, ஸ்பூலே சுழன்று லைனை விட்டு இழுக்கும் ரீலைப் பற்றித்தான் பேசுகிறேன். டிராக் என்பது மீன் இழுக்கும்போது ஸ்பூலை அளவோடு வழுக்கவிட்டு லைனை விடும் உராய்வு அமைப்பு. அதை நட்சத்திர வடிவச் சக்கரத்தால் அமைக்கும் ஸ்டார் டிராக், நெம்புகோலால் அமைக்கும் லீவர் டிராக் இரண்டுக்கும் இது பொருந்தும். வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. எந்த வேலைக்கு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

"நல்ல ரீலா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. "15 கிலோ லைனில், படகிலிருந்து ஆழத்து மீன் பிடிக்க நல்ல ரீலா?" என்று கேட்டால் பதில் உண்டு.

நோட்டில் நான்கு வரி போதும்: எந்த லைன், அதன் அறுபடும் பலம் எவ்வளவு, எந்த முறை (ஆழம், கனமான செயற்கை இரையை மேலும் கீழுமாக ஆட்டும் ஜிக்கிங், ஓடும் படகின் பின்னே இரையை இழுக்கும் ட்ரோலிங், கரையிலிருந்து வீச்சு), மீன் எவ்வளவு தூரம் ஓடக்கூடும்.

இதிலிருந்து ஒரே ஒரு முக்கிய எண் கிடைக்கும்: உங்களுக்குத் தேவையான டிராக். லைன் அறுபடும் பலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 15 கிலோ லைன் என்றால் 4 முதல் 5 கிலோ. பெட்டியின் மேல் 15 கிலோ டிராக் என்று அச்சடித்திருந்தாலும் உங்கள் சோதனை இந்த 4, 5 கிலோவைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். அந்த ரீல் வாழப்போவது அங்கேதான்.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு, வெர்னியர் காலிப்பர், அளவு நாடா, அழிக்கக்கூடிய மார்க்கர், ஒரு வாளி, கையுறை, கண்ணாடி, கொஞ்சம் பஞ்சு, ரீலுக்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர், செல்போன் கேமரா. டிராக் சோதனைக்கு இன்னொரு ஆளும் வேண்டும்.

தராசில் ஒரு சிக்கல் உண்டு. பயணப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசுகள் பல, ஒரு எண்ணைப் பிடித்ததும் அதிலேயே பூட்டிக்கொள்ளும். டிராக் சோதனையில் நமக்கு மாறிக்கொண்டே இருக்கும் எண்தான் தேவை. பூட்டும் வசதியை நிறுத்த முடியவில்லை என்றால் ஸ்பிரிங் தராசே மேல்.

எந்தத் தராசானாலும் முதலில் சரிபாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியை வெறுமையாக ஒருமுறை, 5 லிட்டர் ஊற்றி ஒருமுறை தொங்கவிட்டால் வித்தியாசம் 5 கிலோ காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் "இந்த ரீல் சொன்ன டிராக் தரவில்லை" என்று சொல்வது ரீலுக்கு நியாயம் இல்லை.

கையுறையை அலங்காரமாக நினைக்காதீர்கள். இறுகிய பிரெய்டு (பல இழை பின்னிய) லைன் விரலைக் கத்திபோல் அறுக்கும்.

3. லைன் சுற்றுவதற்கு முன் வெளியே பாருங்கள்

லைன் ஏறிய பிறகு ஸ்பூலின் பாதி மறைந்துவிடும். ஆகவே இது முதலில்.

ஸ்பூலின் விளிம்பு முழுவதும் பஞ்சை லேசாகத் தேய்த்துச் சுற்றி வாருங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறு, லைனை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். லெவல்விண்ட் (லைனை ஸ்பூலில் சமமாகப் பரப்பும் பாகம்) உள்ள ரீலில் அதன் வளையத்தையும் இப்படியே சோதியுங்கள்.

அடுத்தது ஸ்பூலுக்கும் பிரேமுக்கும் (ரீலின் உடற்கூட்டுக்கும்) நடுவே உள்ள இடைவெளி. ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஸ்பூலை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி சுற்று முழுக்க ஒரே அளவாகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் போனால் ஸ்பூலோ பிரேமோ நேராக இல்லை. மெல்லிய பிரெய்டு அந்த அகன்ற இடத்தில்தான் நுழைந்து ஷாஃப்ட்டை (நடு அச்சை) சுற்றிக்கொள்ளும்.

அப்புறம் பிரேம். ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது, அச்சில் வார்த்தது, கிராஃபைட் எனப்படும் இழை கலந்த பிளாஸ்டிக் என்று மூன்று வகை அதிகம் காணப்படும். கிராஃபைட் உப்பில் அரிக்காது, எடை குறைவு. ஆனால் சுமையில் வளையும். இப்போதைக்கு எந்த வகை என்று குறித்துக்கொண்டால் போதும், தீர்ப்பு 9-வது படியில்.

கடைசியாக, ரீலின் பாதம். அதைப் பிரேமோடு இணைக்கும் ஸ்க்ரூக்கள் எத்தனை, தலை சமமாக அமர்ந்திருக்கிறதா, கையால் முறுக்கினால் பாதம் அசைகிறதா? இங்கே இருக்கும் சின்ன அசைவு, ராடில் மாட்டிச் சுமை ஏற்றும்போது பெரிதாகும்.

4. ஸ்பூலை அசையுங்கள், பிறகு ஓடவிடுங்கள்

ஃப்ரீ ஸ்பூலில் (ஸ்பூல் தடையின்றிச் சுழலும் நிலையில்) வைத்து, ஸ்பூலை இடவலமாக அசைத்துப் பாருங்கள். விரலுக்கு மட்டும் தெரியும் அசைவு பரவாயில்லை. கண்ணுக்கே தெரிந்தால் சரிசெய்யும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். வீச்சு ரீல்கள் சிலவற்றில் பக்கத்தட்டில் அதற்கென்று ஒரு குமிழ் உண்டு. மேலும் கீழுமாக ஆட்டம் இருந்தால் குமிழால் தீராது. அது பேரிங் அல்லது அது அமரும் குழியின் பிரச்சினை.

இப்போது சுண்டிவிடுங்கள். எத்தனை வினாடி ஓடியது என்பதைவிட எப்படி நின்றது என்பதைக் கவனியுங்கள். மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றால் சரி. திடீரென்று நின்றால் எங்கோ உரசுகிறது. கடைசியில் பின்பக்கமாக ஊசலாடி நின்றால் ஸ்பூலின் ஒரு பக்கம் கனம். அதிவேக வீச்சில் அது அதிர்வாக வெளிப்படும்.

வினாடிக் கணக்கை நான் நம்புவதில்லை. பேரிங்கில் கெட்டியான கிரீஸ் இருந்தால் 5 வினாடி ஓடும், அதையே கழுவி மெல்லிய எண்ணெய் விட்டால் பல மடங்கு ஓடும். ரீல் அதேதான். ட்ரோலிங் ரீலுக்கு நீண்ட சுழற்சியால் எந்தப் பயனும் இல்லை.

5. கைப்பிடி, கிளட்ச், ஆன்டி-ரிவர்ஸ்

ஆன்டி-ரிவர்ஸ் என்பது கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு. டிராக்கை நன்றாக இறுக்கிவிட்டுக் கைப்பிடியைப் பின்பக்கமாகத் திருப்புங்கள். எவ்வளவு தூரம் திரும்பிவிட்டு நிற்கிறது? ரோலர் கிளட்ச் (சிறு உருளைகளால் பின்சுழற்சியைத் தடுக்கும் பாகம்) உள்ள ரீலில் கிட்டத்தட்ட உடனே நிற்கும். பல்லும் தடுப்பும் மட்டும் உள்ள ரீலில் ஒரு பல் அளவு பின்வாங்கும். அது குறை இல்லை, கட்டமைப்பே அப்படி. இரண்டும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. ரோலர் கிளட்ச் வழுக்கினாலும் தடுப்புப் பல் பிடித்துக்கொள்ளும்.

ஒருமுறை மெதுவாகப் பின்னே தள்ளிவிட்டு முடித்துவிடாதீர்கள். கைப்பிடியின் இருபது வெவ்வேறு நிலைகளில் வெடுக்கென்று தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் வழுக்கினாலும் அந்த ரீலை அப்படியே கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. பெரிய மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னோக்கிச் சுழன்றால் விரல் முட்டியை உடைக்கும்.

கிளட்ச் நெம்புகோலை (ஸ்டார் டிராக் ரீலில் ஸ்பூலைக் கியரோடு சேர்த்துப் பிரிப்பது; ரோலர் கிளட்ச் வேறு) ஃப்ரீ ஸ்பூலுக்கும் கியருக்கும் முப்பது முறை மாற்றிப் பாருங்கள். ஸ்பூல் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் மாற்ற வேண்டும், உண்மையில் நாம் அப்படித்தான் செய்வோம். பாதியில் நின்று பல் உரசும் சத்தம் வந்தால் பினியன் (ஸ்பூலைச் சுழற்றும் சிறு கியர்) முழுதாக அமரவில்லை என்று பொருள். அரைகுறையாக அமர்ந்த பினியன் சுமையில் நழுவி, ஸ்பூலோடு சேரும் அதன் முனையை உருட்டிவிடும்.

கிளிக்கர் (லைன் ஓடும்போது சத்தம் எழுப்பும் பாகம்) ஒரு நிமிட வேலை. சத்தம் தெளிவாக இருக்கிறதா, லைன் நீரோட்டத்தில் தானாக ஓடாத அளவு பிடிமானம் இருக்கிறதா, அவ்வளவுதான்.

6. லைன் சுற்றுவதில் அவசரம் வேண்டாம்

புதியவர்கள் அதிகம் இடறுவது இந்தப் படியில்தான்.

பிரெய்டை நேராக உலோக ஸ்பூலில் கட்டிச் சுற்றினால், மொத்த லைனும் ஒரு வளையம்போல ஸ்பூலின் மேல் வழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் டிராக் வழுக்குவதுபோலவே இருக்கும். ஒரு ரீலின் டிராக் பலவீனம் என்று நினைத்து, திறந்து, உள்ளே உராய்வு தரும் வாஷரை மாற்றி, இரண்டு நாள் வீணாக்கிய பிறகுதான் லைன் வழுக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து முதல் சில சுற்றுக்கு மோனோ (ஒற்றை இழை நைலான் லைன்) போட்டுவிட்டுத்தான் பிரெய்டைக் கட்டுகிறேன். ஸ்பூலில் ஒட்டுநாடா போட்டாலும் சரி.

அடுத்தது இறுக்கம். ஈரத்துணியால் லைனைப் பிடித்து, ஒன்றிரண்டு கிலோ இழுவையிலாவது சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய பிரெய்டு, சுமை வந்ததும் கீழ் அடுக்குக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும். பிறகு விடுபடும்போது வெட்டி வெட்டி வரும். அந்த வெட்டலையும் டிராக்கின் தலையில் போடுவார்கள்.

மோனோவில் ஆபத்து வேறு. நீண்டு சுற்றப்பட்ட மோனோ சுருங்கும்போது ஸ்பூலின் இரு விளிம்புகளையும் வெளியே தள்ளும். பிளாஸ்டிக் ஸ்பூல் இதனால் விரிந்துபோகவோ பிளந்துபோகவோ வாய்ப்பு உண்டு.

விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். சுற்றிய நீளத்தை எழுதிக்கொண்டு, பெட்டியில் சொன்ன கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். வேறு தடிமன் லைன் போட்டிருந்தால் தடிமனின் வர்க்கத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும். 0.40 மி.மீ. லைன் 300 மீட்டர் பிடிக்கும் ரீலில் 0.50 மி.மீ. லைன் எவ்வளவு? 300 × 0.16 ÷ 0.25 = 192 மீட்டர். தடிமன் கால் பங்கு கூடியதற்கு லைன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பெட்டியில் உள்ள தடிமனை நம்பாமல் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள்.

7. ஒரு சுற்றுக்கு எவ்வளவு இழுக்கும், எவ்வளவு பலத்தில்

லைன் முனையில் மார்க்கரால் குறியிட்டு, கைப்பிடியைச் சரியாக ஒரு சுற்று சுற்றி, உள்ளே வந்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கணக்கோடு பொருந்த வேண்டும். லைன் நிரம்பிய ஸ்பூலின் விட்டம் 50 மி.மீ., கியர் விகிதம் 6 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஆறு சுற்று) என்றால் 3.14 × 50 × 6, அதாவது சுமார் 94 செ.மீ. லைன் பாதி போய் விட்டம் 35 மி.மீ. ஆனதும் அதே கைப்பிடி 66 செ.மீ. தான் இழுக்கும். வேகமான ரீல் என்று வாங்கியவர்கள் ஆழத்தில் ஏமாறுவது இதனால்தான்.

வேகத்தைவிட எனக்கு முக்கியம் பலம். கைப்பிடியின் நீளத்தை ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து குமிழின் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். அதை, கியர் விகிதத்தையும் ஸ்பூலின் ஆரத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். மேலே சொன்ன ரீலில் கைப்பிடி 80 மி.மீ. என்றால் 80 ÷ (6 × 25) = 0.53. உங்கள் கை கொடுக்கும் பலத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல்தான் லைனுக்குப் போகிறது. 5 கிலோவைத் தூக்கக் கை 9 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும், உராய்வைச் சேர்க்காமலே. விகிதம் 4 ஆக இருந்தால் 6.25 கிலோ போதும்.

இந்த ஒரு கணக்கைச் செய்துவிட்டால் "ரீல் கனமாகச் சுற்றுகிறது" என்ற புகாரில் பாதி, கியர் விகிதத்தின் இயல்பு என்பது புரிந்துவிடும். இரட்டை வேக ரீல் என்றால் இரண்டு விகிதத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். சுமையில் வேகம் மாற்றும் பொத்தான் தடையில்லாமல் இயங்குகிறதா என்பதை 9-வது படியில் பார்க்கலாம்.

8. டிராக்: நேரம் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய படி

முதல் சோதனை ராடின் வளையங்கள் வழியாக அல்ல. ரீலை ஒரு சிறு கட்டையிலோ ராடின் அடிப்பகுதியிலோ உறுதியாக மாட்டி, லைனை நேராகத் தராசுக்குக் கொண்டுபோங்கள். வளையங்களில் ஏற்படும் உராய்வு சேர்ந்துவிட்டால் ரீலின் டிராக் எது, ராடின் உராய்வு எது என்று பிரிக்க முடியாது.

சோதனைக்கு முன், ஸ்பூலின் விளிம்பிலும் லைனின் மேல் அடுக்கிலும் ஒரே நேர்க்கோட்டில் மார்க்கர் குறி வையுங்கள். டிராக்கை இறுக்கி ஒருமுறை இழுத்து, குறிகள் விலகவில்லை என்று உறுதிசெய்யுங்கள். லைன் வழுக்குகிறதா என்ற சந்தேகம் அதோடு தீரும்.

சரி, இப்போது டிராக்கை 4 கிலோவுக்கு வையுங்கள். உதவியாளர் தராசைப் பிடித்துக்கொண்டு ஒரே சீரான நடையில் 5 மீட்டர் பின்னே போகட்டும். நீங்கள் இரண்டு எண்களைப் படியுங்கள்: ஸ்பூல் அசையத் தொடங்கும் கணத்தில் என்ன, ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன. ஆறு முறை செய்து முதல் இழுப்பை ஒதுக்கிவிடுங்கள். புது வாஷர் ஒன்றோடொன்று படிய ஒன்றிரண்டு இழுப்பாவது ஆகும்.

இந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் டிராக்கின் தரம். ஓடும்போது 4 கிலோ, தொடங்கும்போது 4.3 கிலோ என்றால் எனக்கு மனநிறைவு. தொடங்க 5 கிலோ கேட்டால், மீன் ஒவ்வொரு முறை திரும்பி ஓடும்போதும் லைன் அந்தக் கூடுதல் உதறலைத் தாங்க வேண்டும். அதிக டிராக்கைவிட ஒரே சீரான டிராக்தான் மீனைப் படகுக்குக் கொண்டுவரும்.

பத்து நிமிடம் அப்படியே விட்டு மறுபடி இழுங்கள். சில வாஷர்கள் அழுத்தத்தில் சும்மா இருந்தால் ஒட்டிக்கொள்ளும். தூண்டிலைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பவருக்கு இந்த இழுப்புதான் நிஜமான முதல் இழுப்பு.

ஸ்டார் டிராக்கில் நட்சத்திரத்தை ஒரு சமயம் கால் சுற்று திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எண்ணை எழுதுங்கள். எண் படிப்படியாக ஏற வேண்டும். ஒரு கால் சுற்றில் 1 கிலோவிலிருந்து 5 கிலோவுக்குத் தாவினால், மீன் மாட்டியிருக்கும்போது நுணுக்கமாக மாற்ற முடியாது. கிண்ணம்போல வளைந்த ஸ்பிரிங் வாஷர்கள் தவறான திசையில் அடுக்கப்பட்டிருந்தாலும் இப்படி வரும். அதைத் திறக்கும்போது பாருங்கள்.

லீவர் டிராக்கில் அழுத்தத்தை முன்கூட்டி அமைக்கும் குமிழை, லீவர் ஃப்ரீ நிலையில் இருக்கும்போது மட்டும் திருப்புங்கள். லீவர் மேலே இருக்கும்போது திருப்பினால் உள்ளே கேம் (லீவரின் அசைவை அழுத்தமாக மாற்றும் பாகம்) சேதமாகும். ஸ்ட்ரைக் நிலையில் (மீன் மாட்டும்போது லீவரை வைக்கும் இடத்தில்) 4 கிலோ வருமாறு அமைத்துவிட்டு, லீவரின் ஒவ்வொரு நிலைக்கும் எண்ணை எழுதுங்கள். பிறகு ஃப்ரீக்குக் கொண்டுவந்து ஸ்பூல் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். குமிழைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஃப்ரீ ஸ்பூல் செத்துப்போகும். ஃப்ரீ ஸ்பூல் உயிரோடிருக்கும் அதிகபட்ச டிராக் எதுவோ அதுதான் அந்த ரீலின் நிஜமான டிராக். பெட்டியில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு இந்த எண்ணை எழுதி வையுங்கள்.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டார் டிராக்கில் வாஷர்கள் பெரிய கியருக்குள் இருக்கின்றன. லைன் ஓடும்போது பினியன் அந்தக் கியரைப் பின்னோக்கிச் சுழற்றுகிறது. ஆகவே இழுப்பில் ஒரு சீரான அதிர்வு தெரிந்தால் வாஷரை மட்டும் சந்தேகிக்காதீர்கள், கியரையும் பாருங்கள். லீவர் டிராக்கில் வாஷர் ஸ்பூலோடு இருப்பதால் கியருக்கு அந்த ஓட்டத்தில் பங்கு இல்லை. மாறாக, அழுத்தம் பேரிங்குகளைப் பக்கவாட்டில் தள்ளும். ஸ்ட்ரைக் நிலையில் கைப்பிடி திடீரென்று கனமாகிவிட்டால் காரணம் அங்கேதான்.

சூட்டையும் பாருங்கள். 5 கிலோ டிராக்கில் மீன் வினாடிக்கு 5 மீட்டர் ஓடினால் சுமார் 245 வாட் வெப்பம் உண்டாகிறது. சாதாரண 25 வாட் சாலிடரிங் கம்பியின் பத்து மடங்கு, ஒரு சின்ன வாஷர் அடுக்குக்குள். வெட்டவெளியில் 40 மீட்டர் வேகமாக இழுத்து, சுற்றி, மறுபடி இழுத்து, ஐந்து முறை செய்யுங்கள். உடனே 4 கிலோ சோதனையைத் திரும்ப நடத்துங்கள். எண் எவ்வளவு இறங்கியது அல்லது ஏறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லைன் குறையக் குறைய டிராக் கூடும் என்பதைத் தராசிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். விட்டம் 50 மி.மீ. இருந்தபோது 4 கிலோ வைத்தது, 35 மி.மீ. ஆனதும் 5.7 கிலோ ஆகியிருக்கும். ரீலில் எதுவும் மாறவில்லை, ஆரம் மட்டும் சுருங்கியது. நீண்ட ஓட்டத்தில் பயந்து டிராக்கை இறுக்குபவர்கள் லைனை அறுப்பது இதை அறியாததால்.

இத்தனைக்கும் பிறகுதான் ராடில் மாட்டி, வளையங்கள் வழியாக, ராடை வளைத்து அதே சோதனை. இங்கே எண் கூடும். கூடிய அளவு ராடுடையது. மீன் பிடிக்கும்போது இந்த எண்தான் லைனுக்குத் தெரியும் என்பதால் டிராக்கை இறுதியாக அமைப்பது இந்த நிலையில்.

9. வாளியைத் தூக்குங்கள்

படிக்கட்டு இடைவெளியோ மாடிக் கைப்பிடிச்சுவரோ போதும், கீழே யாரும் நிற்கக் கூடாது. வாளியும் தண்ணீருமாக 5 கிலோவை லைனில் தொங்கவிட்டு, ராடால் இழுக்காமல் கைப்பிடியால் மட்டும் சுற்றித் தூக்குங்கள். டிராக் வழுக்காத அளவு இறுக்கியிருக்க வேண்டும்.

கியர் வெறுங்கையில் மறைத்ததெல்லாம் இப்போது வெளியே வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் ஒரு பல்லில் குறை. தொடர்ந்து மாவரைப்பதுபோல் இருந்தால் பினியனும் பெரிய கியரும் சுமையில் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன.

பாதி உயரத்தில் நிறுத்தி, மெல்லிய காகிதத் துண்டை ஸ்பூல் விளிம்புக்கும் பிரேமுக்கும் நடுவே செருகிப் பாருங்கள். விரலை வைக்காதீர்கள். சுமை இல்லாதபோது எளிதாக நுழைந்த காகிதம் இப்போது மாட்டினால் பிரேம் முறுக்கிக்கொள்கிறது. கிராஃபைட் பிரேமில் இதை அதிகம் பார்க்கலாம். உங்கள் வேலை சுமையில் அது நடக்கவில்லை என்றால் கிராஃபைட் உங்களுக்குப் போதும், கூடுதல் எடை சுமக்க வேண்டாம்.

அப்படியே ஒரு நிமிடம் தொங்கவிட்டு ஆன்டி-ரிவர்ஸ் பிடிக்கிறதா என்று பாருங்கள், கை கைப்பிடியின் சுற்றுப்பாதையில் இருக்க வேண்டாம். இரட்டை வேக ரீல் என்றால் இந்தச் சுமையில் வேகத்தை மாற்றிப் பாருங்கள். லெவல்விண்ட் இருந்தால் அது இரு ஓரங்களிலும் தயங்காமல் திரும்புகிறதா என்று கவனியுங்கள்.

10. வீச்சு, வீசும் ரீலுக்கு மட்டும்

ட்ரோலிங், ஆழத்து வேலைக்கு இந்தப் படி தேவையில்லை.

வீச்சில் ஸ்பூல் மிகையாகச் சுழலாமல் தடுக்கும் பிரேக்கை அதிகத்தில் வைத்துத் தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள். ஒரே எடை, ஒரே ராடு, ஒரே காற்று, பத்து வீச்சு. மிகத் தூரமாகப் போனதைக் கணக்கில் எடுக்காதீர்கள், நடுவில் வரும் தூரமே அந்த ரீலின் தூரம். ஒவ்வொரு பிரேக் நிலைக்கும் லைன் சிக்கிக் கூடு கட்டியது எத்தனை முறை என்றும் எழுதுங்கள். கனமான ஸ்பூல் தாமதமாகக் கிளம்பி, நிற்கவும் தாமதிக்கும். சிக்கல் பெரும்பாலும் அதன் விளைவு.

11. இப்போதுதான் திறக்க வேண்டும்

பலர் முதல் நாளே திறந்து, கிரீஸ் போட்டு, பிறகு சோதிக்கிறார்கள். அப்போது கிடைப்பது அவர்கள் கிரீஸின் எண், ரீலின் எண் அல்ல. உத்தரவாதம் இருந்தால் திறப்பதால் அது பாதிக்குமா என்று முதலில் படித்துவிடுங்கள்.

ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும் முன் படம். வாஷர்களை எடுத்த வரிசையிலேயே, எடுத்த பக்கமே மேலாக, ஒரு துணியில் அடுக்குங்கள்.

கியர் பல் உண்மையில் எங்கே தொடுகிறது என்று அறிய ஒரு வழி உண்டு. பெரிய கியரின் சில பற்களில் கிரீஸைத் துடைத்து, மார்க்கர் பூசி, மூடி, வாளிச் சுமையில் பத்து சுற்று சுற்றி மறுபடி திறங்கள். மை பல்லின் அகலம் முழுக்க அழிந்திருந்தால் கியர் நேராக அமர்ந்திருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் சாய்ந்திருக்கிறது. தேய்மானம் அந்த ஓரத்திலிருந்துதான் தொடங்கும்.

காந்தத்தை ஒட்டி ஸ்டீலின் தரத்தைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது நம்பத்தக்கதல்ல. கியருக்குப் பயன்படும் கடினமான ஸ்டெயின்லெஸ் வகைகளில் காந்தம் ஒட்டுபவையும் உண்டு. பித்தளைக் கியர் மென்மையாக ஓடும், சீக்கிரம் தேயும். ஸ்டீல் கொஞ்சம் கரடாகத் தோன்றினாலும் நின்று உழைக்கும்.

பேரிங்கின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். கைப்பிடிக் குமிழில் நான்கு பேரிங் போட்டு எண்ணிக்கையை ஏற்றலாம். பினியனுக்கு இரு முனையிலும் தாங்கல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 9-வது படியில் அரைத்த ரீல்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

டிராக் வாஷர் கார்பன் என்றால் உலர்ந்ததா, கிரீஸ் போட்டதா என்று பாருங்கள். அதற்கென்று உள்ள டிராக் கிரீஸை மெல்லிசாகப் பூசினால் தொடக்க உதறல் குறையும், தண்ணீரும் உள்ளே பிடிக்காது. வேறு கிரீஸைப் போடாதீர்கள். ரோலர் கிளட்ச்சில் மட்டும் கிரீஸ் கூடாது, ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். கெட்டி கிரீஸ் உருளைகளைப் பிடித்துவைத்துக் கிளட்ச்சை வழுக்கச் செய்யும்.

அலுமினியப் பிரேமில் ஸ்டீல் ஸ்க்ரூ உப்பு நீரோடு சேர்ந்தால் மரை அரித்துப் பிடித்துக்கொள்ளும். திறந்த கையோடு ஒவ்வொரு ஸ்க்ரூ மரையிலும் கடல் நீரைத் தாங்கும் கிரீஸ் சிறிது தடவி மூடுங்கள். மூடிய பிறகு 4 கிலோ சோதனையை ஒருமுறை மறுபடி செய்யுங்கள். அடுக்கும்போது தவறியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

12. தண்ணீர் பட்ட பிறகு

டிராக்கை இறுக்கிவிட்டு, மெல்லிய தூறலாக நல்ல தண்ணீரில் நனையுங்கள். வேகமான குழாய் நீரைப் பாய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். நனைந்த உடனே டிராக்கை 4 கிலோவுக்கு அமைத்து ஒரு சோதனை, அடுத்த நாள் உலர்ந்ததும் ஒரு சோதனை. ஈரத்தில் டிராக் வெட்டி வெட்டி வந்தால் வாஷருக்குத் தண்ணீர் போகிறது. பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர் அமுங்கிப்போகும்.

ஐந்தாறு முறை கடலுக்குப் போய்வந்த பின், அதே தராசு, அதே லைன், அதே 4 கிலோ. பாதத்தின் ஸ்க்ரூ, கைப்பிடி நட், கிளிக்கர் பொத்தான், பிரேமில் கீறல் விழுந்த இடம் ஆகியவற்றில் வெள்ளைப் பொடியோ குமிழோ தெரிகிறதா என்று பாருங்கள். அரிப்பு முதலில் தொடங்குவது இங்கெல்லாம்தான். தொடக்க இழுப்புக்கும் ஓடும் இழுப்புக்கும் இடையிலான வித்தியாசம் முதல் நாள் எழுதியதைவிட இரண்டு மடங்கு ஆகியிருந்தால் வாஷரை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முறை படகில் ஏற்றுங்கள்.